வடிகட்டியும் பாய்மரமும்

வடிகட்டி என்றவுடன் நமது வீடுகளில் நினைவுக்கு வருவது தேநீர் வடி. அதற்கு முந்திய தலைமுறையினருக்குக் குடத்தின் வாயிற் கட்டிய வெள்ளைத் துணி நினைவுக்கு வரும். இரண்டும் செய்வது ஒரே தொழில்தான். வேண்டாததை மறித்து, வேண்டியதைக் கீழே விடும். ஆனால், எது வேண்டாதது என்று துணி ஆராய்வதில்லை. தன் இழையிடைவெளியிலும் பெரிதாயின் மறிக்கும், சிறிதாயின் விடும். அதற்கு மேல் அதனிடம் அறிவை எதிர்பார்ப்பது முறையன்று.

இன்று கைத்தொலைபேசியிலும் கணினியிலும் நிழற்படங்களைத் திருத்தும் மென்பொருள்களில் இதே பெயர் கொண்ட ஒரு கருவி இருக்கின்றது. இளைஞர்கள் அதனைப் ‘பில்டர்’ என்பார்கள். விரலால் ஒரு முறை தொட்டால் மங்கிய படம் தெளிகின்றது, கருமை வெண்மையாகின்றது, பகல் அந்தியாகின்றது. இந்தக் கருவி உண்மையில் என்ன செய்கின்றது, எதனைச் செய்ய இயலாது, நமது வீட்டுப் படங்களை அதனிடம் ஒப்படைக்கும்போது எவ்விடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பனவற்றைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம். எடுத்துக்காட்டுகளை இயன்றவரை திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதியிலிருந்தே எடுத்துக்கொள்கின்றேன். மலையும் கடலும் நீருக்கடியிலே கல்லும் ஒருங்கே அமைந்த ஊர் அது. அத்தோடு, ஒரு நிழற்படத்தின் அருமையைத் துன்பப்பட்டு அறிந்த மக்கள் வாழும் ஊரும் ஆகும்.

வானொலியிலே படத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. படத்தைக் காட்ட முடியாது. ஆயினும் எனக்கு ஓர் ஆறுதல். நான் சொல்லப்போகும் வடிகட்டியும் படத்தைப் பார்ப்பதில்லை. அது எண்களை மட்டுமே பார்க்கின்றது. எண்களைச் செவியாற் கேட்டே விளங்கிக்கொள்ளலாம்.

முதலில், இப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். கணினி வருவதற்கு முன்னரே படப்பிடிப்பாளரின் பையில் வடிகட்டி இருந்தது. அது நிறமூட்டிய ஒரு கண்ணாடி வட்டம். கமராவின் வில்லைக்கு முன்னே திருகிப் பொருத்துவது. கறுப்பு வெள்ளைப் படச்சுருள் நீல நிறத்தை மிகுதியாக உணரும். ஆதலால் கோணேசர் கோயிலுக்கு மேலே நிற்கும் நீலவானம் படத்திலே வெறும் வெள்ளையாக வந்துவிடும். அதில் மிதக்கும் வெண்முகில்கள் தெரியமாட்டா. மஞ்சட் கண்ணாடியை முன்னே வைத்தால் அது நீல ஒளியின் ஒரு பகுதியை மறிக்கும். வானம் கருக்கும், முகில்கள் எழுந்து நிற்கும். செந்நிறக் கண்ணாடியை வைத்தால் பட்டப்பகலே புயற்காலம் போலத் தோன்றும். இன்னொரு வகைக் கண்ணாடி, டச்சுக்குடாவில் நண்பகலிலே நீர்ப்பரப்பின் மீது தகதகக்கும் கண்கூச்சத்தை அடக்கும். நீரிற் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரு தளத்தில் அதிர்கின்றது. கண்ணாடியைத் தக்கவாறு சுழற்றினால் அவ்வொளி தடைப்பட்டு, நீரடியில் கிடக்கும் பாறைகள் புலப்படும்.

இவை யாவும் படம் பதிவதற்கு முன்னே நிகழ்வன. ஒளி உள்ளே வருமுன் அதனைத் தெரிந்தெடுத்தல் என்று சொல்லலாம். மென்பொருள் வடிகட்டியோ படம் பதிந்த பின்னர் வேலை தொடங்குகின்றது. பெயர் ஒன்றாயினும் இவ்வேறுபாடு பெரிது. கண்கூச்சத்தால் முற்றிலும் வெண்மையாகிப் பதிந்துவிட்ட நீர்ப்பரப்பிலிருந்து அடியிற் கிடந்த பாறையை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. பாறையைப் பற்றிய செய்தி அங்கே பதியவேயில்லை.

இனி எண்களுக்கு வருவோம். கைத்தொலைபேசி எடுக்கும் படம் ஒன்று ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் சிறு புள்ளிகளால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களுக்கு மூன்று எண்கள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரையில் அமையும். 0 என்றால் அந்நிற ஒளி சிறிதும் இல்லை. 255 என்றால் நிறைவு. ஆக, நாம் துறைமுகம் என்று காண்பது கணினிக்கு 3 கோடியே 60 இலட்சம் எண்கள் கொண்ட ஓர் அட்டவணை. வடிகட்டி என்பது இந்த அட்டவணையில் ஒவ்வோர் எண்ணையும் அதன் அயலிலுள்ள எண்களோடு சேர்த்துக் கணக்கிட்டு வேறோர் எண்ணாக மாற்றும் ஒரு விதி. அயலாரைப் பார்த்து நம்மை மாற்றிக்கொள்வது மனிதருக்கும் உள்ள பழக்கந்தானே!

உட்துறைமுகத்தின் வெளிறிய காலை வானத்தை ஒருவர் படமெடுத்திருக்கின்றார். வானத்தின் புள்ளிகள் எல்லாம் ஏறக்குறைய 200 என்ற எண்ணில் இருக்கின்றன. வில்லையிலே ஒரு தூசி இருந்தமையால் ஓரிடத்தில் மட்டும் 20 என்ற கரும்புள்ளி விழுந்துவிட்டது. அக்கரும்புள்ளியைச் சுற்றி எட்டுப் புள்ளிகள்; எட்டும் 200. இப்போது மங்கலாக்கும் வடிகட்டியை ஏவுகின்றோம். அது ஒன்பது எண்களையும் கூட்டுகின்றது, 1620 வருகின்றது. ஒன்பதால் வகுத்தால் 180. கரும்புள்ளி 20இலிருந்து 180 ஆகிவிட்டது. கருமை பெரும்பாலும் மறைந்தது. ஆனால் அயலிலுள்ள புள்ளிகளும் தத்தம் கணக்கில் அந்த 20ஐச் சேர்த்துக்கொள்வதால் அவையும் சிறிது கருத்துவிடும். தூசி போகவில்லை, பரவிவிட்டது. அயலெண்களுக்குச் சமமான பங்கு தராமல், அருகிலுள்ளவற்றுக்குக் கூடுதலாகவும் தொலைவிலுள்ளவற்றுக்குக் குறைவாகவும் கொடுத்துக் கணக்கிடும் முறையும் உண்டு. செருமானியக் கணித அறிஞர் கவுஸ் என்பாரின் பெயரால் அது வழங்குகின்றது. அவர் 1855இல் காலமானவர். தம் பெயர் ஒருநாள் கல்யாணப் படங்களுக்குள்ளே புகும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்.

இன்னொரு வடிகட்டி கூட்டுவதில்லை, வரிசைப்படுத்துகின்றது. ஒன்பது எண்களையும் சிறிதிலிருந்து பெரிதாக நிறுத்தி, நடுவே நிற்கும் ஐந்தாவது எண்ணை எடுத்துக்கொள்ளும். நமது எடுத்துக்காட்டில் 20 முதலாவதாக நிற்கும். மற்றவை எல்லாம் 200. நடு எண் 200. தூசி சுவடின்றி மறைந்தது. அயலிலும் கறை பரவவில்லை. இதனைப் பார்த்தவர் வியந்துபோவர். பழைய படங்களிலே கீறல்களையும் தூசியையும் நீக்கும் வடிகட்டி இதன் வழிவந்ததுதான்.

ஆனால் அதே வானத்தின் கீழே, தொலைவில் ஒரு பாய்ப்படகு நங்கூரமிட்டு நிற்கின்றது. அதன் பாய்மரம் படத்திலே ஒரே ஒரு புள்ளியின் அகலமுள்ள மெல்லிய கருங்கோடு. அக்கோட்டின் மீதுள்ள புள்ளி ஒன்றை எடுத்து ஒன்பது எண்களையும் பார்த்தால், மூன்று 20, ஆறு 200. வரிசையில் நிறுத்துங்கள். முதல் மூன்றும் 20, நான்காவதிலிருந்து 200. ஐந்தாவது எண் 200. பாய்மரமும் மறைந்துவிட்டது!

நேயர்களே, இந்தப் பேச்சிலே நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான். தூசிக்கும் பாய்மரத்துக்கும் உள்ள வேறுபாடு வடிகட்டிக்குத் தெரியாது. தூசி வில்லையிலிருந்தது, பாய்மரம் கடலிலிருந்தது என்பது நமக்குத்தான் தெரியும். கடலிலே பாய்மரம் போனால் பெரிய இழப்பில்லை என்று சிலர் எண்ணக்கூடும். அதே வடிகட்டியை அம்மம்மாவின் பழைய படத்தின் மீது ஏவும்போது, கீறல்களோடு சேர்ந்து அவருடைய மூக்குத்தியும் போய்விடும். சிறிய படத்திலே மூக்குத்தி என்பது இரண்டு மூன்று ஒளிப்புள்ளிகள்தாம்.

தெளிவாக்கும் வடிகட்டியைப் பற்றியும் ஒரு சொல். அதன் ஆங்கிலப் பெயர் விந்தையானது. ‘தெளிவற்ற மறைப்பு’ என்று பொருள்படும். தெளிவாக்கும் கருவிக்கு இப்பெயர் ஏன்? இருட்டறைக் காலத்தில் ஒரு நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு பிரதி எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிட்டனர். மங்கலான பகுதி ஒன்றையொன்று ஈடுசெய்ய, ஓரங்கள் மட்டும் தூக்கலாக நின்றன. கணினி அதையே எண்களாற் செய்கின்றது. துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றின் புள்ளிகள் 100, அதற்கு மேலுள்ள வானம் 160 என்று கொள்வோம். எல்லையிலே மங்கலாக்கிக் கணக்கிட்டால் குன்றின் கடைசிப் புள்ளி 120 ஆகும். வானத்தின் முதற் புள்ளி 140 ஆகும். மூலத்துக்கும் மங்கலுக்கும் உள்ள வேறுபாடு இரண்டிடத்தும் 20. அதனை மூலத்தோடு சேர்த்தால் குன்றின் ஓரம் 80 ஆகின்றது; வானத்தின் ஓரம் 180 ஆகின்றது. 60 ஆக இருந்த இடைவெளி 100 ஆகிவிட்டது. கண்ணுக்கு ஓரம் கூர்மையாகத் தோன்றுகின்றது. புதிதாக ஒரு மரமோ ஒரு கல்லோ அங்கே தோன்றவில்லை. இருந்த வேறுபாடு பெரிதாக்கப்பட்டது, அவ்வளவே. மிகுதியாகச் செய்தால் குன்றைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கடைத்தெருவிலே அச்சிட்ட நாட்காட்டிகளில் மலைகளுக்கு இத்தகைய ஒளிவட்டம் இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள்.

பதியாததை மீட்க இயலாது என்றேன். இதற்குத் திருகோணமலைக் கடலைவிட நல்ல சான்று வேறில்லை. சுவாமி மலையின் உச்சியிலிருந்த பழைய கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர். கற்களிற் பல கோட்டைக்குப் போயின. சில கடலுக்குள் வீழ்ந்தன. 1956ஆம் ஆண்டிலே ஆர்தர் சி. கிளார்க் என்னும் எழுத்தாளரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அம்மலையடிவாரத்து நீரில் மூழ்கி, செதுக்கிய கற்களைக் கண்டு படமெடுத்தனர். மறு ஆண்டில் வெளிவந்த ‘தப்ரபேனின் பவளப் பாறைகள்’ எனப் பொருள்படும் ஆங்கில நூலில் கிளார்க் அவ்வனுபவத்தை எழுதினார். மைக் வில்சன் 1962இல் வெளிவந்த ‘ரன்முத்து தூவ’ என்னும் சிங்கள வண்ணப் படத்திற்காகவும் திருகோணமலைக் கடலுக்கடியில் படம்பிடித்தவர்.

நீருக்கடியிற் படமெடுப்போர் யாவரும் சந்திக்கும் இடையூறு ஒன்று. நீர் செந்நிற ஒளியை முதலில் விழுங்கிவிடுகின்றது. ஓர் ஐந்து மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு பெரிதும் குன்றிவிடும். பத்து மீற்றரில் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாது. குருதி சிந்தினாலும் அது பச்சை கலந்த கருமையாகத்தான் தோன்றும். இன்று புறாத்தீவிலே முகமூடியணிந்து நீந்தி, பவளப்பாறைகளைப் படமெடுத்துவரும் சுற்றுலாப் பயணிகளின் படங்களும் இப்படியே நீலம் பூசிக்கிடக்கின்றன. மென்பொருளிலே சிவப்பை உயர்த்தும் வடிகட்டி உண்டு. ஒரு மீற்றர் ஆழத்தில் எடுத்த படத்தில் அது அழகாக வேலை செய்யும். ஏனெனில் அங்கே சிவப்பு 80, 90 என்ற அளவில் பதிந்திருக்கின்றது. இரண்டாற் பெருக்கினால் போதும். ஆழத்தில் எடுத்த படத்திலோ சிவப்பு 2, 3, 4 என்றுதான் இருக்கும். அந்தச் சிறு வேறுபாடும் பெரும்பாலும் கமராவின் சொந்தக் குழப்பமேயன்றிப் பாறையின் நிறமன்று. இருபதாற் பெருக்கினால் 40, 60, 80 ஆகி, பாறை முழுவதும் சிவந்த திட்டுக்கள் எழும். 0 ஆகப் பதிந்த இடத்தையோ எந்த எண்ணாற் பெருக்கினாலும் 0தான். இதற்கு மருந்து விளக்கைக் கையோடு கொண்டு சென்று கல்லின் அருகே ஒளி பாய்ச்சிப் படமெடுப்பது. மருந்து எடுக்கும் நேரத்தில் வேண்டும். எடுத்த பின்னர் அன்று.

இவ்வளவு சொன்னதனால் படத்தை மாற்றுவதே பிழையென்று நான் கூறுவதாகக் கொள்ளவேண்டாம். கலைஞன் மாற்றலாம், மாற்றியவர் நமது நாட்டிலேயே இருந்தார். கொழும்பிலே 1900இல் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்ற், சட்டம் பயின்றவர், பியானோ வாசித்தவர், ‘43 குழு’ என்ற ஓவியர் குழு அமையத் துணைநின்றவர். எல்லாவற்றுக்கும் மேலாக உலகம் அவரை நிழற்படக் கலைஞராகவே அறிந்திருக்கின்றது. படத்தை இருட்டறையில் உருத்துலக்கும்போது இடையிலே சிறிது வெளிச்சத்தைப் பாய்ச்சினால், வெளிச்சமான இடங்கள் சில கருமையாக மாறி, உருவங்களின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு பிறக்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட இவ்விளைவைப் பாரிசிலே மான் றே, லீ மில்லர் ஆகியோர் கலையாக்கினர். இலங்கையிலே வென்ற் அதனைக் கையாண்டார். இன்றைய மென்பொருளிலும் இப்பெயரோடு ஒரு வடிகட்டி உண்டு. அதன் விதி மிக எளிது. எண் பாதிக்கு மேற்பட்டால் அதனை 255இலிருந்து கழித்துவிடு. ஒரு நொடியில் முடியும் காரியம். வென்ற் ஒவ்வொரு தாளிலும் எவ்வளவு வெளிச்சம், எந்தக் கணத்தில் என்று தாமே முடிவு செய்தார். அவருடைய படத்தைப் பார்ப்பவர் அது ஒரு கலைஞனின் ஆக்கம் என்று அறிந்தே பார்க்கின்றார், ஒருவரும் ஏமாறுவதில்லை. ஆயினும் அவருடைய நெகட்டிவ்கள் அவர் மறைவுக்குப் பின் அழிக்கப்பட்டமையால், அந்த விளைவுகளுக்கு முன் அப்படங்கள் எவ்வாறிருந்தன என்று இன்று எவரும் எடுத்துப் பார்க்க வழியில்லை. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேறோர் இடத்தில் பயன்படும்.

போட்டோஷாப் என்னும் மென்பொருளைத் தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர் இருவர் ஆக்கினர். 1990 பெப்ரவரியில் அது விற்பனைக்கு வந்தது. இருட்டறையில் நாட்கணக்கில் செய்த வேலைகள் பல அதிலே பட்டியலாக அமைந்துவிட்டன. அதற்குப்பின் 2010இல் இன்ஸ்டகிராம் தோன்றியது. புதுப்படத்தைப் பழம்படம் போலப் பழுப்பாக்கும் வடிகட்டிகள் பரவின. இதிலே ஒரு வேடிக்கை. ஒரே வீட்டில் தாத்தாவின் படத்திலுள்ள பழுப்புக் கறையை நீக்கப் பணம் கொடுக்கின்றார்கள். பேரனின் கல்யாணப் படத்திலே அதே பழுப்பைப் பூசவும் பணம் கொடுக்கின்றார்கள்.

வேடிக்கையாகக் கடந்துபோக முடியாதது முகத்தின் மீது செய்யப்படும் வேலை. தோலை மெருகிடும் வடிகட்டி, முன்னர் சொன்ன மங்கலாக்கும் வடிகட்டிக்கு உறவினன். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அயலெண் தன் எண்ணுக்கு நெருக்கமானதாக இருந்தால் மட்டுமே அதனைக் கணக்கிற் சேர்க்கும். பெரிதும் வேறுபட்டால் விட்டுவிடும். ஆகவே கண்ணும் புருவமும் உதடும் கூர்மையாக நிற்க, கன்னமும் நெற்றியும் மெழுகு வார்த்தாற்போல ஆகிவிடுகின்றன. அம்மைத் தழும்பும் சிரிப்புக் கோடும் ஒருங்கே மறைகின்றன. அதன்மேல் வெண்மையாக்கும் வேலை வேறு. பல கைத்தொலைபேசிகள் இவற்றை நம்மைக் கேளாமலே செய்துவிடுகின்றன. நமது மணமக்களின் படத்தொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள். வெயிலிலும் உப்புக்காற்றிலும் வளர்ந்த மூதூர்ப் பிள்ளையும் நிலாவெளிப் பிள்ளையும் பனிநாட்டில் பிறந்தவர்களாய் நிற்பார்கள். 2017இல் ‘பேஸ்அப்’ என்ற செயலி, முகத்தைக் கவர்ச்சியாக்குவதாகச் சொன்ன ஒரு வடிகட்டியை வெளியிட்டது. அது கரிய முகங்களை வெளுத்தது. கண்டனம் எழுந்ததும் அதனை ஆக்கியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். நமது ஊர்களில் ஒருவரும் கண்டனம் எழுப்புவதில்லை. கூடுதலாக வெளுக்கச் சொல்லியே கேட்கின்றோம். பழியைக் கணினியின் முன் அமர்ந்திருக்கும் படக்காரர் மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று என்பது என் எண்ணம்.

கடவுச்சீட்டுக்குரிய படத்தில் இந்த அலங்காரங்கள் செல்லா. முகத்தை மாற்றாத படமே வேண்டும் என்பது சர்வதேச விதி. அரசாங்கத்துக்குக் கொடுக்கும் முகம் உண்மையாயிருக்க வேண்டுமென்றால், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் முகம் எவ்வாறிருக்க வேண்டும்?

இக்கேள்வி திருகோணமலை மாவட்டத்திலே வெறும் அழகியற் கேள்வியன்று. போர்க்காலத்தில் வீடுகளை விட்டுப் பலமுறை ஓடியவர்கள் கையில் எடுத்துச்சென்றவை சில பத்திரங்களும் ஓரிரு படங்களுமே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, அலுமாரியிலிருந்த படத்தொகுதிகளையும் அள்ளிச் சென்றது. காணாமற்போன பிள்ளையின் முகம், பள்ளிக்கூட வகுப்புப் படத்திலே மூன்றாம் வரிசையில் நகத்தளவாக இருக்கின்றது. இறந்துபோன தந்தையின் ஒரே படம் பழைய அடையாள அட்டையில் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றது. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சிட வேண்டும்; முகப்பிலே பெரிய படம் வேண்டும். தாய் அந்த அட்டையைக் கொண்டுபோய் ஸ்டூடியோவில் நீட்டுகின்றாள். இப்போது வடிகட்டி என்ன செய்யலாம்?

அண்மைக்காலத்தில் செயற்கை நுண்ணறிவின் பெயரால் வந்துள்ள கருவிகள், நகத்தளவு முகத்தையும் மயிர்க்கால் தெரியுமளவுக்குப் பெருப்பித்துக் கொடுக்கின்றன. கண்டவர் கண்ணீர் விடுவர். ஆனால் அங்கே நடப்பது தெளிவாக்கல் அன்று. அக்கருவி முன்னர் பயின்ற பல்லாயிரம் வேற்று முகங்களின் சாயலைக்கொண்டு, இந்த மங்கலுக்குப் பொருந்தக்கூடிய ஒரு புதுமுகத்தை வரைந்து தருகின்றது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பட்ட ‘பல்ஸ்’ என்ற கருவிக்கு 2020இல் முன்னாள் சனாதிபதி ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தார்கள். அது திருப்பிக் கொடுத்தது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தை! உலகறிந்த முகத்துக்கே அந்தக் கதி. கிண்ணியாவிலோ சம்பூரிலோ வாழ்ந்த ஒருவரின் முகத்தை அக்கருவி எங்கே கண்டிருக்கப்போகின்றது? அதிலும் ஒரு கொடுமை என்னவென்றால், ஒபாமாவின் படம் பிழையென்று எல்லோரும் கண்டுபிடித்தார்கள். நமது தகப்பனாரின் படம் பிழையென்று கண்டுபிடிக்க அவரைப் பார்த்தவர்கள் வேண்டும். அவரைப் பாராத பேரப்பிள்ளைகளுக்கு அப்புதுமுகமே தாத்தாவாகிவிடும். காணாமற்போனவரைத் தேடுவதற்கென்று கையில் ஏந்தும் படத்திலே இவ்வாறு செய்வதோ பெருந்தவறு. அடையாளம் காட்டவேண்டிய படம் அடையாளத்தை அழித்துவிடும்.

ஜப்பானில் 2011 மார்ச் 11ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபின், யமமோட்டோ என்ற சிற்றூரில் தொண்டர்கள் சேற்றிலிருந்து எடுத்த படங்களைக் கழுவி, உலர்த்தி, ஒவ்வொன்றையும் கமராவாற் பிரதிசெய்து, உரியவர்கள் தேடிக் காணும்படி வைத்தார்கள். 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அவை. முகத்தைப் புதுப்பிப்பதன்று அங்கே முதல் வேலை. இருப்பதை இருக்கிறபடி காப்பாற்றுவதே முதல் வேலையாயிற்று. நாமும் அவ்வொழுங்கைப் பின்பற்றலாம்.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பழம்படத்தைப் பிய்த்து எடுக்க முயலவேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். அடையாள அட்டை அளவான சிறு படமாயின், வருடி எனப்படும் ஸ்கேனரிலே அங்குலத்துக்கு 1200 புள்ளி என்று வையுங்கள். அஞ்சலட்டை அளவுக்கு 600 போதும். அவ்வாறு பெற்ற முதற் கோப்பைத் தொடவே கூடாது. அதனை இரண்டிடத்தில் சேமித்து, மூன்றாவது பிரதியிலே வேலை தொடங்குங்கள். வென்றின் நெகட்டிவ்களைப் பற்றி நான் சொன்னதை இவ்விடத்தில் நினைவுகூருங்கள்.

பின்னர் வெளிறிய படத்தின் ஒளியளவை விரியுங்கள். பழைய படத்தில் கருமை 90 ஆகவும் வெண்மை 190 ஆகவும் சுருங்கியிருக்கும். அவற்றை 0க்கும் 255க்கும் அருகே இழுப்பதால் பொய் எதுவும் சேராது. வண்ணப்படமாயின் மூன்று நிறங்களையும் தனித்தனியே விரித்தல் வேண்டும். மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. 1970களின் படங்கள் பல இன்று செம்மண் நிறமாய்க் கிடப்பது இதனாலேயே. கீறல் நீக்கும் வடிகட்டியைப் படம் முழுவதற்கும் ஏவாமல், சுவர், வானம், சேலையின் பரந்த பகுதி ஆகியவற்றை மட்டும் வளைத்துக் குறித்து அங்கே ஏவுங்கள். முகத்திலுள்ள கீறலைக் கையால், ஒவ்வொன்றாக, அவரை அறிந்த ஒருவரை அருகில் இருத்திக்கொண்டு திருத்துங்கள். மச்சமா கறையா என்று சொல்லக்கூடியவர் அவர்தான். தெளிவாக்கும் வடிகட்டி கடைசியில் வரவேண்டும், அதுவும் அச்சிடும் அளவு முடிவான பின்னர்.

போட்டோஷாப்பிலே 2007 முதல், வடிகட்டியை மேலே போர்த்திய துணிபோல வைத்து, வேண்டாதபோது நீக்கிவிடும் வசதி இருக்கின்றது. பணமின்றிப் பெறக்கூடிய ‘ஜிம்ப்’ என்ற மென்பொருளிலும் 2025இல் வெளிவந்த 3.0 பதிப்பில் இவ்வசதி வந்துவிட்டது. எனவே, பணம் இல்லாமையால் மூலத்தைக் கெடுத்துவிட்டோம் என்று இனி எவரும் சொல்ல வேண்டியதில்லை. செயற்கை நுண்ணறிவாற் பெருப்பித்த முகமே வேண்டும் என்று குடும்பத்தினர் விரும்பினால், அது அவர்கள் உரிமை. படத்தின் கீழே ‘கணினியால் வரையப்பட்டது’ என்று ஒரு வரி இடுங்கள். அருகிலேயே மூலப்படத்தையும் அதன் சிறிய அளவிலேயே அச்சிடுங்கள். கல்வெட்டிலே அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவது பெரிய செலவன்று.

இறுதியாக, படத்திலே யார் யார் இருக்கின்றார்கள் என்பதை எழுதி வையுங்கள். தாளின் பின்புறத்தில், ஓரமாக, மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதவேண்டும்; பேனை மை முன்பக்கம் ஊறிவிடும். இடமிருந்து வலமாகப் பெயர்கள், எடுத்த இடம், தெரிந்தால் ஆண்டு. கோப்பின் பெயரிலும் அதையே எழுதுங்கள். நடுவில் நிற்பவர் பெரியம்மாவா சின்னம்மாவா என்ற ஐயம் இருந்தால், அதனைத் தீர்க்கக்கூடிய முதியவர் ஒருவர் இன்னும் உப்புவெளியிலோ தம்பலகாமத்திலோ இருப்பார். படத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கேளுங்கள்.